மஞ்சள் சிப்பெயிட், பச்சை யோஹனைட்: யுரேனிய சல்பேட் கனிமங்கள் வீட்டுக்குள் வந்தால்

ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலிருந்து வந்த கேள்வி சுருக்கமாக இது: காலமான மாமாவின் கற்சேகரிப்பில் மூன்று டப்பாக்கள் கிடைத்தன. ஒன்றில் கறுத்த கல் துண்டின் மேல் மஞ்சள் படலம். பழைய சீட்டில் "சிப்பெயிட், யாக்கிமோவ்" என்று எழுதியிருக்கிறது. இரண்டாவதில் பச்சைத் துணுக்குகள், சீட்டில் "யோஹனைட்". மூன்றாவதில் க்ரூகர்ஸ்டோர்ப் பக்கத்து மைன் டம்பில் (சுரங்கக் கழிவு மேட்டில்) பொறுக்கிய மஞ்சள் பொருக்கு. இவை என்ன, எவ்வளவு கதிர் வீசும், வீட்டில் வைக்கலாமா, டர்பனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போகலாமா?

முதல் இரண்டும் சீட்டில் உள்ளபடியே இருந்தால், அவை அரிய யுரேனைல் சல்பேட் கனிமங்கள். மஞ்சள் படலமோ பச்சைத் துணுக்கோ வீசும் கதிர் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் அவை கரையும் விதமும் உதிரும் விதமும் நீங்கள் நினைப்பதைவிட மோசம். மூன்றாவது டப்பாவில் இருப்பது பெரும்பாலும் யுரேனியக் கனிமமே இல்லை. ஆனாலும் மூன்றில் வீட்டில் வைக்க எந்தக் காரணமும் இல்லாதது அதுதான்.

இந்தக் குடும்பத்தின் அடிப்படை அலகு யுரேனைல் அயனி. ஒரு யுரேனிய அணு நடுவில், இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இரு பக்கமும் நேர்கோட்டில், சுமார் 1.8 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இறுக்கமாகப் பிணைந்திருக்கும். இங்கே யுரேனியம் +6 ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. எலுமிச்சை மஞ்சள் நிறம் இந்த அயனியால் வருவது. அதன் இடுப்பைச் சுற்றிப் பெரும்பாலும் ஐந்து ஆக்சிஜன்கள் அமரும். சிப்பெயிட்டில் இப்படிப்பட்ட அலகுகள் விளிம்போடு விளிம்பு ஒட்டிச் சங்கிலியாகி, சல்பேட் நான்முகிகள் அந்தச் சங்கிலிகளை இணைத்துத் தகடாக்குகின்றன. தகடுகளுக்கு நடுவே பொட்டாசியமும் நீரும். ஒரு சூத்திர அலகில் பொட்டாசியம் 3, யுரேனைல் 4, சல்பேட் 2, தனி ஆக்சிஜன் 3, ஹைட்ராக்சில் 1, நீர் 3. எடையில் சுமார் 63 சதவீதம் யுரேனியம். கடினம் மோ அளவில் 2, அதாவது நகம் கீறும். அடர்த்தி சுமார் 3.7. பெரிய படிகமாகக் கிடைப்பது அபூர்வம். மண் போன்ற படலம், சிறு உருண்டைத் திரள், நுண்ணிய ஊசிகள், இவ்வளவுதான். உலர்ந்த மஞ்சள் விழுதைக் கல்லில் பூசி விட்டதுபோல இருக்கும்.

யோஹனைட்டில் செம்பு இருப்பதால் பச்சை. செம்பு 1, யுரேனைல் 2, சல்பேட் 2, ஹைட்ராக்சில் 2, நீர் 8. யுரேனியம் சுமார் 49 சதவீதம், அடர்த்தி 3.3 அளவில், கடினம் 2 முதல் 2.5. கனிமவியலாளர் வில்ஹெல்ம் ஹைடிங்கர் 1830-ல் ஆஸ்திரியாவின் ஆர்ச்டியூக் யோகானின் பெயரை இதற்கு வைத்தார். ஜோகன்னஸ்பர்க் நகரம் பிறந்ததே 1886-ல்; ஆகவே பெயரைப் பார்த்து நம்மூர்க் கல் என்று எண்ணவேண்டாம். சிப்பெயிட்டுக்கும் 1845-ல் பெயர் வைத்தவர் அவரே. இரண்டுக்கும் தாயகம் பொஹீமியாவின் யாக்கிமோவ், ஜெர்மானியர் வழக்கில் யோவாக்கிம்ஸ்தால். க்யூரி தம்பதியர் ரேடியத்தைத் தேடிக் குடைந்த, பிட்ச்பிளெண்ட் என்ற கறுப்பு யுரேனியத் தாதுவின் கழிவும் அங்கிருந்து வந்ததுதான்.

இன்னும் நெருக்கமான ஓர் உறவு உண்டு. 1896 பிப்ரவரி இறுதியில் பிரெஞ்சு இயற்பியலாளர் ஹென்றி பெக்கரல் இழுப்பறைக்குள் புகைப்படத் தட்டின்மேல் வைத்திருந்த உப்பு, பொட்டாசியம் யுரேனைல் சல்பேட். ஆய்வகத்தில் தயாரித்தது, கனிமம் அல்ல. சிப்பெயிட்டைவிட எளிய சேர்மம். ஆனால் அதிலும் இருப்பவை பொட்டாசியம், யுரேனைல், சல்பேட், நீர் ஆகியவைதாம். கதிரியக்கம் என்ற நிகழ்வே இந்த வகைப் பொருளில்தான் முதலில் தென்பட்டது.

இவை ஏன் அரியவை என்று கேட்டால், யுரேனியம் குறைவு என்பது காரணம் அல்ல. நிலைத்து நிற்க மாட்டாதவை என்பதே காரணம். பாறையில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு இருக்கிறது. காற்றும் நீரும் பட்டதும், இரும்பை ஆக்சிகரிக்கும் நுண்ணுயிர்களின் உதவியோடு, கந்தக அமிலமும் ஃபெரிக் இரும்பும் உண்டாகின்றன. யுரேனினைட்டில் (பிட்ச்பிளெண்ட் இதன் ஒரு வடிவம்) யுரேனியம் +4 நிலையில், கரையாமல் கிடக்கிறது. இரண்டு ஃபெரிக் அயனிகள் அதனிடமிருந்து இரண்டு எலெக்ட்ரானைப் பறித்ததும் அது யுரேனைலாகி அமில நீரில் கரைந்து ஓடுகிறது. அந்த நீர் சுரங்கச் சுவரில் கசிந்து, காற்றோட்டம் படும் இடத்தில் உலர்ந்தால் உப்புப் பூக்கும். அந்தப் பூவே இந்தக் கனிமங்கள். நீரில் பாஸ்பேட் இருந்தால் கதை மாறும்: ஆட்டுனைட், டார்பர்னைட் போன்றவை படியும், அவை எளிதில் கரையாதவை, மழையைத் தாங்குபவை, ஆகவே சேகரிப்பாளர் கைகளில் அவைதான் அதிகம். கார்பனேட் கலந்தால் ஷ்ரோக்கிங்கரைட் போன்ற கலப்புக் கனிமம் வரும். சல்பேட் மட்டும் மிஞ்சும் இடத்தில், அதுவும் மழை எட்டாத இடத்தில்தான் சிப்பெயிட்டும் உறவினர்களும் பிழைக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள ப்ளூ லிசார்ட் சுரங்கத்தில் புளூலிசார்டைட், ஃபெர்மியைட், ஓப்பன்ஹைமரைட் என்று சோடியம் மிகுந்த புதுப்புது யுரேனைல் சல்பேட்டுகள் 2013 முதல் வரிசையாகக் கண்டறியப்பட்டன. மனிதர் குடைந்த பழைய குகை, வறண்ட காற்று, சுவரில் பூத்த உப்பு. அதே செய்முறைதான்.

ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள நம் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்க மேட்டில் இந்த வேதியியலைத் தொழிலாகவே செய்தார்கள். அங்குள்ள தங்கத் தாதுவில் யுரேனினைட்டும் பைரைட்டும் சேர்ந்தே கிடக்கின்றன. 1952-ல் க்ரூகர்ஸ்டோர்ப் அருகே வெஸ்ட் ராண்ட் கன்சாலிடேட்டட் சுரங்கத்தில் யுரேனிய ஆலை தொடங்கியது. தங்கம் எடுத்த பின் மிஞ்சிய அரைத்த மண்ணில் கந்தக அமிலமும், ஆக்சிகரிக்க மாங்கனீஸ் டை ஆக்சைடும் சேர்த்துக் கலக்கி, யுரேனைல் சல்பேட் கரைசலாக வெளியே இழுத்தார்கள். ஆலை தொட்டியில் செய்த அதே வேலையை, கைவிடப்பட்ட சுரங்கமும் திறந்த கழிவு மேடும் யாரும் கேட்காமலே செய்துகொண்டிருக்கின்றன. நீர் இறைப்பது நின்ற பிறகு மேற்கு ராண்டின் நிலத்தடிக் குழிகள் நிரம்பி, 2002-ல் அமிலச் சுரங்க நீர் ராண்ட்ஃபான்டைன், க்ரூகர்ஸ்டோர்ப் பக்கம் தரைக்கு மேலே வழிந்து ட்வீலோபிஸ்ப்ரூட் ஓடையில் கலந்தது. ஹைவெல்ட் என்ற இந்த உயர்நிலத்தில் குளிர்காலத்தில் ஏறக்குறைய மழையே இராது. அந்த மாதங்களில் மேடுகளின் அடியிலும் ஓடைக் கரையிலும் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் பூக்கும். அக்டோபர், நவம்பரில் முதல் மழை விழுந்ததும் அவை ஒரேயடியாகக் கரைந்து ஓடும். ஆண்டின் முதல் வெள்ளத்தில் உலோகச் செறிவு திடீரென ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் உங்கள் மூன்றாவது டப்பா சுவாரசியமானது, ஆனால் விரும்பத்தக்கது அல்ல. மேட்டில் தெரியும் மஞ்சள் பொருக்கு பெரும்பாலும் ஜாரோசைட், கோப்பியாபைட் போன்ற இரும்பு சல்பேட்டுகள். வெள்ளை என்றால் ஜிப்சம். நிறம் மட்டும் பார்த்து யுரேனியம் என்று முடிவுகட்டக் கூடாது. அதே சமயம், ஜாரோசைட்டும் ஜிப்சமும் ரேடியத்தையும் கொஞ்சம் யுரேனியத்தையும் தமக்குள் பிடித்து வைக்கக்கூடியவை. கழிவு மண்ணில் டன்னுக்கு 40 கிராம் யுரேனியம் இருந்தாலே யுரேனியம்-238-இன் கதிரியக்கம் கிராமுக்கு 0.5 பெக்கரலைத் தொட்டுவிடும் (ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணுச் சிதைவு). ராண்டின் பல மேடுகள் அதற்கு மேல். யாக்கிமோவ் சிப்பெயிட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. ஆனால் சிப்பெயிட் கல்லில் ஒட்டிய படலம். இது உதிரித் தூள், என்னவென்றே தெரியாத தூள், முழுச் சங்கிலியோடும் வரும் தூள்.

அந்தச் சங்கிலி என்ற விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். யுரேனியம்-238 சிதைந்து ஈயமாக முடியும் வரை வழியில் முக்கியமாக 14 கதிரியக்க அணுக்கள் வரும். பழைய பிட்ச்பிளெண்டில் அத்தனையும் சமநிலையில் இருக்கும்: ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரே எண்ணிக்கையில் சிதையும். யுரேனியம்-238-க்குக் கிராமுக்கு 12,400 பெக்கரல் என்பது நிலையான எண். சிப்பெயிட்டில் 63 சதவீதம் யுரேனியம் என்பதால் ஒரு கிராம் கனிமத்தில் ஏறக்குறைய 7,800. அதை 14-ஆல் பெருக்கி 1,09,000 பெக்கரல் என்று கணக்குப் போட்டுவிடத் தோன்றும். இந்தக் கணக்கு இங்கே செல்லாது.

ஏனெனில் சிப்பெயிட் இளம் கனிமம். யுரேனியம் கரைந்து வந்த போது தோரியமும் ரேடியமும் பெரும்பாலும் பின்னால் தங்கிவிட்டன. குறிப்பாக ரேடியம், சல்பேட் நிறைந்த நீரில் பேரைட்டோடு (பேரியம் சல்பேட்) சேர்ந்து படிந்துவிடும். புதிய படலத்தில் யுரேனியம்-238, யுரேனியம்-234 இரண்டும் இருக்கும். தோரியம்-234-க்கு அரை ஆயுள் 24.1 நாள் என்பதால் ஆறு மாதத்துக்குள் அதுவும், அதன் பிள்ளையான புரோட்டாக்டினியம்-234எம்-உம் முழு அளவுக்குத் திரும்பிவிடும். அடுத்த படியில் தோரியம்-230. அதன் அரை ஆயுள் சுமார் 75,000 ஆண்டு. 150 ஆண்டுப் பழைய படலத்தில்கூட அது முழு அளவில் 0.14 சதவீதம்தான் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு வரும் ரேடியம்-226, ரேடான், காமாக் கதிரில் பெரும்பங்கு தரும் ஈயம்-214, பிஸ்மத்-214 எல்லாம் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆகவே ஒரு கிராம் இளம் சிப்பெயிட்டில் நான்கு அணுக்கள், சுமார் 31,000 பெக்கரல். யுரேனியம்-235 வழியாகக் கொஞ்சம் கூடுதல். உங்கள் கல்லில் இருப்பது 50 மில்லிகிராம் படலம் என்று வைத்தால் மொத்தம் சுமார் 1,600 பெக்கரல்.

இதிலிருந்து மூன்று விளைவுகள். ஆல்ஃபா துகள் தோலின் இறந்த மேலடுக்கைத் தாண்டாது. உள்ளே போனால்தான் கேடு. பீட்டா பெரும்பாலும் புரோட்டாக்டினியத்திலிருந்து வருகிறது, உச்ச ஆற்றல் 2.27 மெகா எலெக்ட்ரான்வோல்ட். தொட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்குக் கணிசமான அளவு கிடைக்கும். தடித்த தூய யுரேனிய உலோகத்தின் மேற்பரப்பில் தோலுக்கு மணிக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட். மெல்லிய படலத்தில் அதைவிடக் குறைவு. விரலில் பிடித்து அரைமணி நேரம் ரசிக்க வேண்டாம், அவ்வளவே. மூன்றாவது, ரேடான்: தனிப் படலமாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் "கறுத்த கல்" பிட்ச்பிளெண்டாக இருந்தால், ரேடானும் காமாவும் அந்தக் கல்லிலிருந்து வரும். யாக்கிமோவ் மாதிரிகளில் இது சகஜம். அப்போது கவனிக்க வேண்டியது மஞ்சளை அல்ல, அடியில் உள்ள கறுப்பை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நேரடியான சோதனை உண்டு. மெல்லிய மைக்கா சாளரம் கொண்ட கைகர் கருவியை ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். முதலில் கல் இல்லாமல் பத்து நிமிடம் பின்னணியை எண்ணுங்கள். பிறகு கல்லோடு. பிறகு நடுவே ஒரு தாள்: ஆல்ஃபா நின்றுவிடும். பிறகு 5 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு: அந்தப் பீட்டாவும் நின்றுவிடும். மிஞ்சுவது காமா. தகடு வைத்ததும் எண்ணிக்கை பின்னணியை ஒட்டி விழுந்தால் இளம் கனிமம் மட்டுமே. தகட்டுக்குப் பிறகும் நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தால் அடியில் பழைய யுரேனினைட் இருக்கிறது. திரையில் மைக்ரோசீவர்ட் என்று காட்டும் எண்ணை இங்கே நம்பாதீர்கள். மலிவான கருவிகள் சீசியம்-137 காமாவுக்கு அளவீடு செய்யப்பட்டவை. பீட்டாவைப் பார்த்ததும் அதையும் காமா என்று எண்ணி மிகைப்படுத்திச் சொல்லும். நிமிட எண்ணிக்கையை மட்டும் பாருங்கள்.

காமா நிறமாலைமானி கிடைத்தால் இன்னும் தெளிவு. இளம் யுரேனியத்தில் 63, 93 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கோடுகளும், 1001-இல் மெலிந்த ஒன்றும் தெரியும். 352, 609 கோடுகள் வந்தால் ரேடியம் இருக்கிறது. 186-ஐ வைத்து மட்டும் ரேடியம் என்று சொல்லிவிடக் கூடாது. யுரேனியம்-235-உம் அதே இடத்தில்தான் கோடு போடும். இந்தப் பொறியில் விழுபவர்கள் நிறைய.

அடையாளம் காண்பதில் சீட்டை எவ்வளவு நம்பலாம்? பழைய சீட்டானால் பாதிதான். 1976 வரை சிப்பெயிட்டின் சூத்திரமே குழப்பமாக இருந்தது. அந்த ஆண்டில் வந்த ஆய்வுதான் பொட்டாசியம் வகையை மட்டும் சிப்பெயிட் என்று நிறுத்தி, சோடியம், மெக்னீசியம், கோபால்ட், நிக்கல், துத்தநாக வகைகளைத் தனிக் கனிமங்களாகப் பிரித்தது. அதற்கு முந்தைய சீட்டில் சிப்பெயிட் என்று இருந்தால் "சிப்பெயிட் குடும்பத்தில் ஒன்று, அல்லது யுரேனோபிலைட் என்ற இன்னொரு யுரேனைல் சல்பேட்" என்று படிப்பதே நேர்மை. கண்ணால் இவற்றைப் பிரிக்க முடியாது. எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலும், எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தனிமப் பகுப்பாய்வும் இரண்டும் சேர்ந்தால்தான் பெயர் உறுதி. ராமன் கருவி இருந்தால் யுரேனைல் அதிர்வு 830 முதல் 850 அலைஎண் பக்கமும் சல்பேட் 1000-க்குச் சற்று மேலும் தெரியும். யுரேனைல் சல்பேட் என்பது உறுதியாகும், எந்த உறுப்பினர் என்பது ஆகாது.

வீட்டில் செய்யக்கூடியது புறஊதா விளக்கு. இருட்டில் 365 நானோமீட்டர் விளக்கைக் காட்டுங்கள், முடிந்தால் 254-உம். யுரேனோபிலைட் பளீரென்று மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும். சிப்பெயிட் மஞ்சளாக, அதைவிட மங்கலாக ஒளிரலாம். யோஹனைட் ஒளிராது, செம்பு அந்த ஆற்றலை வெப்பமாக வடித்துவிடும். இரும்பு, கோபால்ட், நிக்கல் இருந்தாலும் அதே கதைதான். உங்கள் பச்சைத் துணுக்குகள் பிரகாசமாக ஒளிர்ந்தால் அவை யோஹனைட் அல்ல. மேட்டிலிருந்து எடுத்த பொருக்கு ஒளிராமல் இருப்பதால் அதில் யுரேனியம் இல்லை என்று ஆகிவிடாது. இரும்பு அதை அணைத்திருக்கலாம். பழைய நூல்களில் யோஹனைட் கசக்கும் என்று சுவைக் குறிப்பு இருக்கும். அந்தக் காலத்தவர் நக்கிப் பார்த்து எழுதியது அது. நீங்கள் நக்கிப் பார்க்காதீர்கள்.

கரைதிறனுக்கு வருவோம், என் பார்வையில் இந்தக் குடும்பத்தின் முதன்மைப் பண்பே இதுதான். எல்லாம் ஒரே மாதிரி கரைவதில்லை. புளூலிசார்டைட் போன்ற சோடியம் சல்பேட்டுகளில் யுரேனியம் எடையில் 27 சதவீதம்தான். யுரேனைல் அலகுகள் ஒன்றோடொன்று நேரடியாக ஒட்டாமல், சல்பேட்டும் சோடியமும் நடுவே நிற்கும். அறை வெப்பத்தில் ஒரு சொட்டு நீர் போதும், படிகம் காணாமல் போகும். யோஹனைட் நீரில் ஓரளவு கரையும். சிப்பெயிட்டிலும் யுரேனோபிலைட்டிலும் யுரேனைல் அலகுகள் விளிம்பு சேர்ந்து இறுகியிருப்பதால் தூய நீரில் மெதுவாகத்தான் கரையும். ஆனால் நீர்த்த அமிலத்தில் சட்டென்று கரைந்துவிடும். அமிலம் என்றால் ஆய்வகம் மட்டுமல்ல. சுரங்க நீர் அமிலம். உங்கள் வயிற்றிலும் இருப்பது அமிலம்.

கரைந்த யுரேனியத்தின் முதல் கேடு கதிர் அல்ல, வேதியியல் நச்சு. அது தாக்குவது சிறுநீரகத்தின் நுண்குழல்களை. விழுங்கியதில் பெரியவர்களுக்கு ஓரிரு சதவீதம் இரத்தத்துக்குப் போகும் என்று கதிர்ப் பாதுகாப்புக் கணக்குகளில் எடுத்துக்கொள்வார்கள். கைக்குழந்தைகளுக்கு அதைவிட அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரம் சான்ஸ் 241-உம் அதே எண்ணையே வைத்திருக்கிறது. ஒரே ஒரு மில்லிகிராம் சிப்பெயிட்டில் 630 மைக்ரோகிராம் யுரேனியம். அது முழுதும் கரைந்தால் 21 லிட்டர் நீரை வரம்பு வரை கொண்டுபோக அது போதும். ஊசி முனையில் ஒட்டும் அளவுத் தூள் அது. தூளாகச் சுவாசித்தால் நிலைமை இன்னும் மோசம். குடலைப் போலப் பெரும்பகுதியைத் தடுத்து வெளியேற்றும் அமைப்பு நுரையீரலில் இல்லை.

ஆகவே வைக்கும் முறை முழுதும் "உதிராமல், நனையாமல், வாய்க்குப் போகாமல்" என்பதைச் சுற்றியே அமைய வேண்டும். கல்லை இறுக்கமான மூடியுள்ள தெளிந்த அக்ரிலிக் பெட்டியில், அடியில் கனிம மெழுகுப் பசையால் அசையாமல் பதித்து வையுங்கள். பஞ்சு வேண்டாம், ஊசிப் படிகங்கள் பஞ்சு இழையில் சிக்கி உடைந்து, அடுத்த முறை திறக்கும்போது பறக்கும். அக்ரிலிக் பத்து மில்லிமீட்டர் தடிப்பானால் பீட்டா முழுதும் நிற்கும். மூன்று மில்லிமீட்டர் இருந்தால் பெருமளவு. பெட்டியை ஜிப் பையில் போட்டு, என்ன, எந்த இடம், கதிரியக்கம், தொடக்கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாத வீடு என்றால் ஆங்கிலம் முதலில். பூட்டிய அலமாரி, படுக்கையறை அல்லாத இடம். காமாட்சி விளக்கு ஏற்றும் மாடத்துக்கு அருகே, குங்குமமும் மஞ்சளும் விபூதியும் இருக்கும் தட்டுகளின் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம். அடியில் பிட்ச்பிளெண்ட் என்று சோதனையில் தெரிந்தால், காற்றோட்டம் உள்ள வெளி அறை. மூடிய அறையில் பெட்டியைத் திறக்கும் முன் சன்னலைத் திறந்துவிடுங்கள்.

எடுக்கும்போது நைட்ரைல் கையுறை, அடியில் ஈரமான தாள். அந்த மேசையில் தேநீர் கூடாது. கல்லைக் கழுவக் கூடாது. தூரிகை, காற்றுக் குப்பி, மீயொலித் தொட்டி எதுவும் கூடாது. மேலே வார்னிஷ் அடிப்பவர்களும் உண்டு; கரைப்பான் நீர் மூலக்கூறுகளைக் கலைத்து, நிறமும் போய் அடையாளம் காணும் வாய்ப்பும் போய்விடும். தூள் சிந்திவிட்டால் துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் வேண்டாம், இரண்டும் அதைக் காற்றில் ஏற்றும். ஈரத் தாளால் வெளியிலிருந்து உள்நோக்கி ஒருமுறை துடைத்து, தாளை மடித்து இரட்டைப் பையில் போடுங்கள்; மறுபடி புதுத் தாள். முடிந்ததும் கைகர் கருவியால் மேசையைப் பாருங்கள்.

ஈரப்பதத்தில் ஹைவெல்டும் கடற்கரையும் எதிரெதிர்த் துருவங்கள். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில், ஹீட்டர் ஓடும் அறையில், காற்று வறண்டு போகும். யுரேனோபிலைட்டின் சூத்திர அலகில் 14 நீர் மூலக்கூறுகள். வறட்சியில் அவற்றை இழந்து மெட்டாயுரேனோபிலைட்டாகி, ஊசிகள் மங்கி மாவாகும். அந்த மாவுதான் பறக்கும் மாவு. ஆகவே யுரேனோபிலைட், யோஹனைட் போன்ற நீர் மிகுந்தவற்றோடு சிலிக்கா ஜெல் வைப்பது தவறு. டர்பன் கோடையில் நேர்மாறு: கடற்காற்று ஈரத்தில் சோடியம் சல்பேட்டுகள் வியர்த்து, கரைந்து, பெட்டியின் அடியில் மஞ்சள் கறையாகத் தேங்கும். இரண்டு ஊருக்கும் பொதுவான வழி, பெட்டிக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருக்கச் செய்வது. இருவழியும் வேலை செய்யும் ஈரப்பதப் பைகள் கடையில் கிடைக்கும். இல்லாவிட்டால் மூடிய வெளிப்பெட்டிக்குள், கல்லைத் தொடாமல், சிறு குப்பியில் மெக்னீசியம் நைட்ரேட்டின் தெவிட்டிய கரைசலை வைத்தால் 25 டிகிரியில் அது 53 சதவீதத்தில் பிடித்து வைக்கும். குப்பி கவிழாத இடமாகப் பாருங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் அலட்சியமாகப் பேசுவதைக் கேட்டு நடக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் இதைப் பார்ப்பது 1999-இன் 47-ஆம் சட்டத்தின் கீழ் செயல்படும் தேசிய அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், தலைமையகம் சென்சூரியனில். இயற்கையான யுரேனியச் சங்கிலி அணுக்களுக்கு, ஒழுங்குமுறையிலிருந்து விலக்கு பெறும் வரம்பு கிராமுக்கு 0.5 பெக்கரல். உங்கள் சிப்பெயிட் அதைப்போல பதினைந்தாயிரம் மடங்குக்கு மேல். அளவு சிறிது என்பதால் யாரும் கதவைத் தட்டப்போவதில்லை என்று சொல்வார்கள். ஆனால் வாரிசாகக் கையில் வந்த பொருளை எழுதிக் கேட்டு வைத்திருப்பது, பிறகு விற்கவோ அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவோ நினைக்கும்போது உங்களைக் காப்பாற்றும். கடிதத்தில் மூன்று டப்பாவின் எடை, சீட்டில் உள்ள பெயர், கைகர் எண்ணிக்கை, படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்பினால் பதில் விரைவாக வர வாய்ப்பு அதிகம்.

டர்பன் அக்காவிடம் கொண்டுபோவது பற்றி: ஆணையத்தின் பதில் வரும் வரை வேண்டாம். தபாலிலோ கூரியரிலோ அனுப்பவே கூடாது. கதிரியக்கப் பொருள் அனுப்புவதற்குத் தனி விதிகள் உண்டு. அனுமதி கிடைத்தாலும், என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரக் குலுங்கலுக்குப் பிறகு படலம் எவ்வளவு கல்லில் இருக்கும், எவ்வளவு பெட்டியில் இருக்கும் என்று யோசியுங்கள். அக்கா வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் நான் படங்களை மட்டும் அனுப்பச் சொல்வேன். யோஹனைட், சிப்பெயிட் இரண்டும் பெயர் உறுதியானால், புவியியல் துறையுள்ள பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பது நல்ல முடிவு. அவர்களிடம் எக்ஸ்-கதிர் கருவியும் உரிய அனுமதியும் இருக்கும். பழைய யாக்கிமோவ் சீட்டுக்குக் கல்லைவிட மதிப்பு என்பதால் அதைப் பிரிக்காமல் கொடுங்கள்.

மைன் டம்ப் பொருக்கைத் திறக்காமல் இரட்டைப் பையில் கட்டி, ஆணையத்துக்கு எழுதும் கடிதத்தில் அதையும் குறிப்பிட்டு, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். குப்பைத் தொட்டியிலோ கழிப்பறையிலோ கொட்டுவது, அல்லது "எடுத்த இடத்திலேயே போட்டுவிடலாம்" என்று மேட்டுக்கு மறுபடி நடப்பது, இவற்றில் எதுவும் வேண்டாம். முக்கியமாக ஆகஸ்ட் காற்றில் அந்த மேட்டுப் பக்கம் போகாதீர்கள்.